பறக்கும் தட்டில் பைங்கிளி

அந்த ரப்பர் பூதத்தின் முதுகில் ஜிப் தெரியும், மேடம். பழைய டப்பிங் விண்வெளிப் படங்களில் எனக்குப் பிடித்ததே அதுதான். பறக்கும் தட்டு பூமிக்கு இறங்கும். அதைத் தூக்கிப் பிடித்திருக்கும் நூலும் கூடவே இறங்கும். விஞ்ஞானி வாயை ஆங்கிலத்தில் அசைத்தபடி, "ஐயகோ, பூலோகத்துக்கு ஆபத்து" என்பார். ஆதமும் நானும் பார்த்ததையே பார்த்து வயிறு வலிக்கச் சிரிப்போம்.

ஆதமை உங்களுக்குத் தெரியும். போன சாரலில், மேலகரத்து வீட்டில், கரிப்புகையில் இறந்துபோனவர். விபத்து என்று எஃப்.ஐ.ஆரில் நீங்கள்தான் எழுதினீர்கள். அவருடைய அப்பா நடத்திய டூரிங் டாக்கீஸ் மூடியபோது மிஞ்சியது, சுவரில் ஒட்டாத போஸ்டர்கள் ஒரு பெட்டி. அதில் 'பறக்கும் தட்டில் பைங்கிளி' போஸ்டர் வேறு எவரிடமும் இல்லை. அதிலிருக்கும் பச்சைச் சேலைக்காரியும் மூன்று கண் ராட்சசனும் படத்தில் வரவே மாட்டார்கள். வரைந்தவர் படம் பார்க்காமலே வரைந்திருக்கிறார். அந்தத் துணிச்சலுக்கே அதைக் கும்பிடலாம்.

குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் இங்கே காகிதம் தாங்காது, பூஞ்சை பூத்துவிடும். அதனால் சீசனில் போஸ்டர்களை மாடி அறையில் கொடியில் விரித்து, ஜன்னலைச் சாத்தி, கரிச்சட்டி மூட்டி வைப்போம். உள்ளே ஆள் இருந்தால் மட்டும் கதவைத் திறந்து வைக்க வேண்டும். கரிப்புகை பொல்லாதது என்று எனக்குச் சொன்னவரே ஆதம்தான்.

அவர்தான் ஒருநாள், எல்லாவற்றையும் லேமினேஷன் செய்து தன் லாட்ஜில் மாட்டப் போவதாகச் சொன்னார்.

"சும்மா கெடந்து பூத்துப் போறதுக்கு நாலு பேரு பாக்கட்டுமே, ரத்தினண்ணாச்சி. கண்ணாடி மாதிரி மினுங்கும்லா?"

"சூட்டுல பிளாஸ்டிக்க ஒட்டுனா பொறவு உரிக்க முடியாது, ஆதம். காயிதம் மூச்சு முட்டிச் செத்துரும்."

"காயிதத்துக்கு ஏது மூச்சு?" என்று சிரித்தார். "நாளைக்கி ஆளு வருதான்."

அன்று மத்தியானம் ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, புரோட்டாவும் கோழியும் சாப்பிட்டு, அந்த அறையிலேயே படுத்தார். அருவிக் குளியலுக்குப் பிறகு வரும் தூக்கம் இடி விழுந்தாலும் கலையாது. அவர் மனைவி மைமூன் கடையநல்லூருக்குப் போயிருந்தாள். வழக்கம்போல கரியை மூட்டினேன். வழக்கம்போல ஜன்னலைச் சாத்தினேன். பிறகு கதவையும் சாத்திவிட்டு வெளியே உட்கார்ந்துகொண்டேன். கோபமெல்லாம் இல்லை. சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிருந்தது, அவ்வளவுதான்.

திறந்தபோது அவருக்கு மூச்சு இருந்தது. லேசாக. நான் முதலில் போஸ்டர்களை இறக்கினேன். ஒன்றொன்றாக, ஓரம் மடங்காமல் இறக்க வேண்டும், அவசரப்பட்டால் கிழிந்துவிடும். பைங்கிளியைச் சுருட்டி வைத்துவிட்டு வந்து பார்த்தபோது மூச்சு இல்லை. அதற்குப் பிறகுதான் அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டேன்.

இதைச் சொல்லாமலே இருந்திருப்பேன். போஸ்டர்கள் எப்படியும் என்னிடம்தான் வரும் என்று காத்திருந்தேன். நேற்று மைமூன் வீட்டுக்கு வரச் சொன்னாள்.

"அவுக கடைசி ஆசைய நெறவேத்திட்டேன் அண்ணாச்சி. இனி இது ஒங்ககிட்டதான் இருக்கணும்" என்று அழுதபடி போஸ்டர் கட்டு ஒன்றை நீட்டினாள். மினுமினுவென்று இருந்தது. ஒன்று விடாமல் லேமினேஷன் செய்திருந்தாள். பைங்கிளியின் முகத்துக்கு மேல் ஒரு காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் உரித்துப் பார்த்தேன். வரவில்லை. என் ஆயுளில் அப்படி அழுததில்லை.

நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். எனக்கு அசதியாக இருக்கிறது; என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். ஆனால் நான் வந்தது புகார் கொடுக்க. மைமூன் பேரில் எழுதிக்கொள்ளுங்கள், மேடம். எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியாத ஒன்றை மூச்சு முட்ட வைத்துக் கொல்ல ஒரு மனுஷிக்கு எப்படி மனம் வரும்?