சவுதியில் இருக்கும் கையெழுத்து

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் புது வீடு கட்டிய அம்மா. பக்கத்தில் அந்த வீட்டுக்கு வயரிங் செய்தவர்.

"ஞாயித்துக்கெழம பால் காய்ச்சணும். கரண்டு ஏன் தம்பி வரல?"

"லைசென்சுக்காரரு கையெழுத்துப் போட்டாத்தான்க்கா கனெக்சன் குடுப்பாங்க. லைசென்சு எங்க மச்சான் பேருல இருக்கு. அவரு சவுதில இருக்காரு."

"அங்கயும் வயரிங்கா?"

"ஓட்டல்ல புரோட்டா போடுறாரு."

"இங்க வேலை பாத்தது நீயில்ல?"

"நாந்தான். பரீட்ச பாஸ் பண்ணது அவரு."

"அவரும் நம்மூர்ல வூடு கட்டுனாரே?"

"அதுக்கும் நாந்தான் வயரிங். போன வருசமே முடிச்சிட்டேன்."

"கரண்டு வந்துருச்சா?"

"எப்படிக்கா வரும்? அவரு வந்து கையெழுத்துப் போடணும்ல. எந்தங்கச்சி புள்ளைங்கள வச்சிக்கிட்டு சிம்னி வெளக்குலதான் இருக்கு."

அந்த அம்மா கண்டக்டரைக் கூப்பிட்டார்.

"ஏங்க, பெரம்பலூர்ல ஜெனரேட்டர் வாடகைக்கு எங்கங்க கெடைக்கும்?"