ஒன்பதாம் பக்கத்து எட்டு ரசீதுகள்

விசாரணை அதிகாரி முன்னிலையில் காலை பத்து மணிக்குப் பதிவு செய்தது. சொல்பவர்: இஸ்திரிக்காரி. வயது நாற்பத்தாறு. இருப்பிடம்: தண்ணீர்த் தொட்டிக்குப் பின்வரிசையில் மூன்றாவது வீடு. எழுதப் படிக்கத் தெரியாது. இனி அவர் சொன்னபடி.

நான் இந்த ஊருக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. எனக்கு முன் இங்கே இஸ்திரி போட்டவர் மகன் வீட்டோடு போனபோது அவருடைய மேசை, பெட்டி, வாடிக்கை நோட்டு மூன்றையும் விலை பேசி வாங்கிக்கொண்டேன். அவருக்கும் எழுத்துத் தெரியாது. அதனால் நோட்டில் பக்கத்துக்கு ஒரு தெரு, தெருவுக்குள் வீட்டு வாசல்களைப் படமாக வரைந்து வைத்திருந்தார். ஒரு வாசலுக்கு இரண்டு படி, ஒன்றுக்கு இரும்புக் கேட், ஒன்றுக்கு வட்ட ஜன்னல் என்று இருக்கும். அதைப் பார்த்துத்தான் இன்றுவரை துணி கொடுத்து வாங்குகிறேன், ஒரு கைக்குட்டை மாறியதில்லை. ஒன்பதாம் பக்கம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் உள்ள தெரு. அங்கிருந்து மட்டும் ஒரு சட்டைகூட எனக்கு வந்ததில்லை. சரியான கஞ்சப் பிசினாறிகள் என்று நினைத்திருந்தேன்.

சென்ற வருடம் பெட்டியிலிருந்து நெருப்புக் கரி கொட்டி என் இடது கை வெந்துபோனது. நர்ஸம்மா இருபத்தொரு நாள் வீடு தேடி வந்து கட்டுப் போட்டார், ஒரு காசு வாங்கவில்லை. அவர் போன தேர்தலில் முந்நூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோற்றவர். கட்சி இல்லை, கார் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் வந்த வெள்ளத்தை விசாரிக்க வேண்டும், அது ஒன்றுதான் அவர் கேட்பது. வெள்ளம் வந்தது எனக்குத் தெரியும். எந்தத் தெருவில் என்று நான் கேட்டதில்லை, ஊரிலும் அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இந்தத் தடவை தேர்தல் செலவுக்கு வீடு வீடாக வசூல் செய்வது என்று முடிவானது. ஒரு வீட்டில் நூறுக்கு மேல் வாங்கக் கூடாது, ரசீதில் கொடுப்பவரே தன் கையால் பெயர் எழுத வேண்டும் என்பது நர்ஸம்மா போட்ட விதி. "பெரிய கை ஒண்ணு குடுத்துச்சுன்னா நாளைக்கு அந்தக் கைக்குத்தான் நான் வேலை பாக்கணும். சின்னக் கையா ஆயிரம் குடுக்கட்டும்," என்றார். எனக்கு எழுதத் தெரியாதே என்றேன். "நீங்க எழுத வேணாம்க்கா, அதுதானே விதி," என்று சிரித்தார். அதன் பிறகு தெருக்களைப் பிரித்தார்கள். நான் என் நோட்டில் உள்ள பக்கம் எல்லாவற்றையும் முடித்துத் தருகிறேன் என்றேன். ஒரு பக்கத்தைக்கூட யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. அவரவர் அவசரம் அவரவருக்கு.

பன்னிரண்டாம் தேதி பிற்பகல் நாலு மணிக்குத் தூறலில் பலகைப் பாலம் தாண்டி ஒன்பதாம் பக்கத்துத் தெருவுக்குப் போனேன். படத்தில் உள்ளபடியே எட்டு வாசலும் இருந்தன. எந்த வாசலிலும் செருப்பு இல்லை. அடுப்பு வாசனையும் இல்லை, சேற்று வாசனைதான் வந்தது. தட்டியதும் கதவு ஒரு சாண் திறந்தது. உள்ளே இருட்டு. நர்ஸம்மாவுக்காக வந்திருக்கிறேன் என்றதும் ஒரு கை நீண்டு ரசீதுப் புத்தகத்தை வாங்கியது. அந்தக் கையின் விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. நாள் முழுக்கத் துணி துவைத்த கை அப்படித்தான் இருக்கும் என்பதால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாவது வீட்டிலும் அப்படியே. மூன்றாவது வீட்டில் ஆண் கை, அதுவும் அப்படியே. அப்போதுதான் எனக்கு முதுகு சில்லிட்டது. ஆனாலும் பாதியில் திரும்பிப் போனால் நர்ஸம்மா முகத்தில் எப்படி முழிப்பது என்று நடந்தேன்.

எட்டு வீட்டிலும் எழுதும் முன் ஒரே கேள்வி கேட்டார்கள். "சைரன் அடிச்சாச்சா?" எந்த சைரன் என்று எனக்குத் தெரியாது. இன்னும் அடிக்கலையே என்றேன். அதன் பிறகுதான் எழுதினார்கள். கடைசி, வட்ட ஜன்னல் வீட்டில் ஒரு சின்னப் பெண் குரல். பெயர் எழுதி அடியில் ஒரு கோடு இழுத்தாள். "அடிச்சா வந்து சொல்றீங்களாக்கா? நாங்க இங்கயேதான் இருக்கோம்," என்றாள். "சொல்றேன்மா, அதுக்கென்ன," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவர்கள் கொடுத்த ரூபாய் நோட்டுகள் சொதசொதவென்று இருந்தன. வீட்டில் மேலே துணி போட்டு இஸ்திரி போட்டேன், மொடமொடவென்று ஆனது. மறுநாள் காலை மறுபடி ஈரம். மறுபடி போட்டேன். அதன் பிறகு கொண்டுபோய் நர்ஸம்மாவின் தேர்தல் அலுவலகத்தில் கட்டினேன். அவை இப்போது இந்த மேசைமேல் உறைக்குள் இருக்கின்றன. ஐயா உறையைத் தொட்டுவிட்டு விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

இன்று காலை இங்கே வரவழைத்து எட்டுப் பெயரையும் ஐயா வாசித்துக் காட்டினார். மூன்று வருடத்துக்கு முன் மேலே மதகைத் திறந்தபோது எச்சரிக்கை சைரன் அடிக்காததால் அந்தத் தெருவில் வெள்ளத்தில் இறந்த எட்டுப் பேரின் பெயர்கள் என்றார். தெருவில் இப்போது அஸ்திவாரக் கல்தான் இருக்கிறது, கதவே கிடையாது என்றார். செத்தவர்கள் பெயரில் பொய் ரசீது போட்டதாக இப்போதைய உறுப்பினரின் ஏஜென்ட் புகார் கொடுத்திருக்கிறார், நிரூபணமானால் ஆறு நாளில் வரும் தேர்தலில் நர்ஸம்மா நிற்க முடியாது என்றார். நர்ஸம்மாவும் அப்போது இருந்தார். அன்றைக்கு அந்த எட்டுப் பேர் முகத்தையும் கழுவித் துடைத்தது அவர்தானாம். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பெஞ்சில் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு ஐயா நல்லெண்ணத்தில்தான் சொன்னார். "ஆளை வெச்சு நான்தான் எழுத வெச்சேன், அந்தம்மாவுக்குத் தெரியாதுன்னு சொல்லிடு. கேஸ் உன்னோட போயிடும்." நான் சரி என்றுதான் சொல்ல இருந்தேன். ஜெயிலிலும் துணி கசங்கும், பிழைத்துக்கொள்வேன். எனக்கு அழுகை வந்ததே தவிரப் பயம் வரவில்லை.

அந்த நேரம் ஏஜென்ட் ஒரு சாட்சியைக் கூட்டிவந்தார். மதகு சைரன் அறையில் வேலை பார்ப்பவர். வட்ட ஜன்னல் வீட்டுப் பெண் அவர் மகள். அவள் இறந்துவிட்டாள், இது பொய்க் கையெழுத்து என்று எழுதிக்கொடுக்க வந்தவர். ரசீதை வாங்கிக் கோட்டின்மேல் விரல் வைத்துத் தடவினார். அதன் பிறகு என்னிடம், "இது அவ எழுத்துதான். எதாவது கேட்டாளாம்மா?" என்றார். ஏஜென்ட் முறைத்தார். முறைத்தால் எனக்கென்ன, நான் சொன்னேன். சைரன் அடிச்சாச்சான்னு கேட்டாள், அடிச்சா வந்து சொல்லுங்கன்னாள் என்றேன்.

அவர் ரசீதை மேசையில் வைத்தார். அடிக்க வேண்டாம் என்று அன்றைக்கு யார் போன் செய்தது என்பதை ஐயாவிடம் வந்து சொல்வதாகவும், அதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருப்பதாகவும் சொல்லிவிட்டு எழுந்து போனார். ஏஜென்ட் பின்னாலேயே ஓடினார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே, பதினொன்று பத்துக்கு, சைரன் அடித்தது. மூன்று வருடமாகப் பூட்டிக் கிடக்கும் சைரன் என்று ஐயாவே சொன்னார். நிற்காமல் அடித்தது. நர்ஸம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

ஆகையால், எழுத வைத்தது நான் என்று சொல்ல மாட்டேன். கொடுத்தவர்கள் தங்கள் கையால் எழுதிக் கொடுத்தார்கள், நான் வாங்கினேன். நர்ஸம்மா போட்ட விதி ஒன்றுகூட மீறப்படவில்லை. எனக்கு வேறு கோரிக்கை இல்லை. அந்தத் தெருவுக்குப் போய் அடிச்சாச்சு என்று எட்டு வாசலிலும் சொல்ல வேண்டும், வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதற்கு என்னைச் சீக்கிரம் விட வேண்டும்.

எழுதியதை முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னது எதுவும் விடுபடவில்லை, சொல்லாதது எதுவும் சேரவில்லை. எல்லாம் உண்மை.

(இடது கட்டை விரல் ரேகை)

பதிவு செய்தவர் குறிப்பு: தாள் ஈரமாக இருந்ததால் ரேகை இரண்டு முறை பதியவில்லை. மூன்றாம் முறை பதிந்தது. நேரம் 11.25. சைரன் இன்னும் நிற்கவில்லை. வாக்குமூலம் சொன்னவர் விரல் மையைத் துடைக்காமல் பலகைப் பாலத்தின் பக்கமாகப் போனார். வேட்பாளரும் உடன் போனார்.