மாஸ்டரின் இரண்டாவது இடது கை

தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியர் மதலைமுத்து அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாஸ்டரின் துணைவியார் ராஜமேரி அம்மா அவர்களே, அவர் மகள் இசபெல்லா, கடத்தூர்ப் பெருமக்களே, பென்னாகரத்திலிருந்தும் ஏரியூரிலிருந்தும் பஸ் மாறி வந்திருக்கும் பாடகர் குழுவினரே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

இந்த இரங்கல் கூட்டத்தில் மாஸ்டரைப் புகழ்ந்து பேசத்தான் என்னை அழைத்திருக்கிறார்கள். பேசுகிறேன். அதற்கு முன்னால் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். ஸ்தனிஸ்லாஸ் மாஸ்டரின் இடது கையை அழித்தவன் நான்.

பதற வேண்டாம். பக்கவாதம் கொண்டுபோன இடது கை வேறு. அதற்குப் பிறகு அவர் பாடுபட்டு இரண்டாவதாக ஓர் இடது கை செய்தார். அதை அழித்தவன்தான் இப்போது மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். பத்து மாதமாக இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவி சின்னம்மாளிடமும் சொல்லவில்லை. அவளிடம் சொன்னால் ஊருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்காது. சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்றால், நான் அந்த மதமில்லை. ஆகவே மைக்கில் செய்கிறேன்.

யார் இந்த ஸ்தனிஸ்லாஸ்? இருபத்திரண்டு வருடம் நம் கோவிலில் முதலில் ஆர்மோனியமும் பிறகு கீபோர்டும் வாசித்தவர் யார்? புளி மூட்டை அடுக்கியிருந்த அறையைக் காலி செய்து, சுவரெங்கும் முட்டை அட்டை ஒட்டி, சன்னலைச் சாக்கால் அடைத்து, இது ஒலிப்பதிவுக் கூடம் என்று துணிந்து பலகை மாட்டியவர் யார்? மாதா பாட்டையும் மாரியம்மன் பாட்டையும் ஒரே நாளில் ஒரே மைக்கில் பதிவு செய்தவர் யார்? மாரியம்மன் குழு விட்டுப்போன உடுக்கைச் சத்தம் மாதா பாட்டின் தொடக்கத்தில் இரண்டு விநாடி கேட்கும். அதை அழிக்கச் சொன்னோம். "இருக்கட்டுங்க, ரெண்டு பேரும் ஒரே ஊருதானே" என்று விட்டுவிட்டவர் யார்?

அவர் மெட்டுக்கு வார்த்தை போட்டவன் நான். ஒன்றிய அலுவலகத்தில் எழுத்தர் வேலை. வார இதழ்களுக்கு நகைச்சுவைக் கதை அனுப்புகிற கெட்ட பழக்கமும் உண்டு. அந்தக் கதைகளைப் படித்துச் சிரித்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் போய்விட்டார். மற்றவர் உங்கள் முன்னால் நிற்கிறார்.

எண்பத்தாறாம் வருடம் பிப்ரவரி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மாஸ்டர் அந்த அறையில் தனியாக வாசித்துக்கொண்டிருந்தார். ராஜமேரி அம்மா சமையலறையில் இருந்தார். கீழ்ச்சுரம் ஒன்று நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருந்தது. "ஏனுங்க, எதுக்கு ஒரே கட்டையை அமுக்கிட்டே இருக்கறீங்க?" என்று அம்மா உள்ளேயிருந்து இரண்டு தடவை கேட்டார். வந்து பார்த்தால், இடது கை கட்டைகளின் மேல் கிடந்தது. அதை எடுக்க அவரால் முடியவில்லை.

நடை திரும்பியது. பேச்சு திரும்பியது. இடது கை மட்டும் திரும்பவில்லை. வலது கையால் வாசித்தால் போதும், மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று பங்குத்தந்தை எவ்வளவோ சொன்னார். "பாதி ஆளைக் கொண்டு போயி மாதா முன்னால நிறுத்தறதுங்களா, சாமி?" என்று மறுத்துவிட்டார். வாசித்தால் இரண்டு கையும் வாசிக்க வேண்டும், இல்லையென்றால் இல்லை. இதுதான் அவர் பிடிவாதம். அந்த வருடத் திருவிழாவில் அவர் ஜனங்களோடு ஜனமாகக் கீழே உட்கார்ந்திருந்ததையும், வலது கை மட்டும் தொடையில் தாளம் போட்டதையும் நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். பார்க்காதது மாதிரி இருந்தோம்.

அப்போதுதான் ஜெர்மனியில் கன்னியாஸ்திரீயாக இருக்கும் அவருடைய சித்தி மகள், விடுமுறைக்கு வந்த ஒரு குருவானவர் மூலமாக ஒரு கம்ப்யூட்டரை அனுப்பி வைத்தார். தட்டச்சுப் பொறியைச் சப்பையாக்கியது போல ஒன்று, அதோடு ரொட்டிப் பெட்டி அளவில் இன்னொன்று. டிவியில் மாட்டினால் எழுத்து வரும். ஒரு கையால் வாசித்ததை இது ஞாபகம் வைத்துக்கொண்டு, திரும்ப அதே கீபோர்டை வாசிக்க வைக்கும் என்று கடிதத்தில் எழுதியிருந்தார். அதாவது, இடது கைக்குரியதை வலது கையால் மெதுவாக வாசித்து அதற்குக் கற்றுக்கொடுத்துவிட வேண்டும். பிறகு அது இடது கையாக இருக்கும், இவர் வலது கையாக இருப்பார். மாஸ்டர் அந்தக் கடிதத்தை எத்தனை தடவை படித்தார் என்று எனக்குத் தெரியும். மடித்த இடமெல்லாம் கிழிந்துபோயிருந்தது.

செய்முறைப் புத்தகம் ஜெர்மன் மொழியில் இருந்தது. சாமியாருக்கு லத்தீன் தெரியுமே, இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்தானே என்று நான்தான் அதைப் பங்குத்தந்தையின் பங்களாவுக்கு எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு நாள் வைத்திருந்து, படங்கள் நன்றாக இருக்கின்றன என்று திருப்பிக் கொடுத்தார்.

ஏற்கெனவே அந்த அறையில் இருந்தவை என்னென்ன? கீபோர்டு, தாளப் பெட்டி, எதிரொலிப் பெட்டி, மிக்ஸர், ஸ்பூல் ரெக்கார்டர். பத்து வருடமாக ஒன்றுக்கொன்று பழகிப்போன கூட்டுக் குடும்பம் அது. அதற்குள் இந்தச் சீமை மருமகளைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். கீபோர்டையும் கம்ப்யூட்டரையும் இணைக்க ஐந்து முள் வைத்த வயரை ரேடியோ மெக்கானிக் மாதையன் பற்றவைத்துக் கொடுத்தார். மூன்று வாரம் ஒரு சத்தமும் வரவில்லை. காரணம் நான். இரண்டு பெட்டியிலும் 'அவுட்' என்று ஒரு ஓட்டை இருக்கிறது, இரண்டிலும் 'இன்' என்று ஒரு ஓட்டை இருக்கிறது.

"மாஸ்டர், அவுட்டுக்கு அவுட்டு, இன்னுக்கு இன்னு. ஒரே பேரு இருக்கறதத்தானே ஜோடி சேக்கணும்?" என்றேன்.

அப்படியே மாட்டினோம். இருபத்திரண்டாம் நாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏம்பா குப்புராஜு, ரெண்டு பேரும் பேசிட்டே இருந்தா யாரு கேக்கறது? ஒருத்தர் வாயி இன்னொருத்தர் காதுக்குப் போவணுமில்ல? இத்தன நாளா ரெண்டு வாயையும் சேத்துக் கட்டி வெச்சிருந்தோம்."

மாற்றி மாட்டினார். கீபோர்டு தானாக ஒலித்தது. கீழ்ச்சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவர் வலது கையை வைத்து அதன்மேல் வாசித்தார். ஒன்றேகால் வருடத்துக்குப் பிறகு இரண்டு கை வாசிக்கும் சத்தம் அந்த வீட்டில் கேட்டது. ராஜமேரி அம்மா மாவு ஒட்டிய கையோடு ஓடி வந்து கதவருகே நின்றார். கை சரியாகிவிட்டது என்று நினைத்திருக்கிறார். மாஸ்டரின் மடியைப் பார்த்தார். இடது கை அங்கேயே கிடந்தது. திரும்பிச் சமையலறைக்குப் போனார். அம்மா, அன்றைக்கு நான் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சுவரில் இருந்த முட்டை அட்டையின் குழிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு என்ன பாடு. கரண்டு போனால் ஊரில் விளக்கு போகும், மோட்டார் நிற்கும். மாஸ்டர் வீட்டில் மட்டும் அவருடைய இடது கை போகும். அதுவரை கற்றுக்கொடுத்ததெல்லாம் மறந்து, டிவியில் நீலம் மட்டும் நிற்கும். ஆகவே ஒவ்வொரு சரணம் முடிந்ததும் பிளாப்பியில் ஏற்றிவிட வேண்டும். பிளாப்பி என்பது அந்த ரொட்டிப் பெட்டிக்குள் போடுகிற ஒரு கறுப்புச் சதுர அட்டை. அவரிடம் அது ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

பாடகர்களோடு சேர்ப்பது அதைவிடப் பெரும்பாடு. பாடுகிறவர் மூச்சு வாங்கினால் மனிதன் காத்திருப்பான், கம்ப்யூட்டர் காத்திருக்காது. ராயம்மாள் அக்காவுக்கு ஓர் அடிக்கு மூன்று இடத்தில் மூச்சு வாங்க வேண்டும்.

"மாஸ்டர், உங்க இடது கை எதுக்குங்க இந்த ஓட்டம் ஓடுது? கடைசி பஸ்ஸப் புடிக்கணுமா?" என்று கேட்டார்.

"அது புதுசா வந்த கை, அக்கா. உங்க வழிக்கு வர நாளாவும்."

ராயம்மாள் அக்கா எங்கே மூச்சு வாங்குவார் என்று கேட்டுக் கேட்டு, அந்தந்த இடத்தில் அந்த இயந்திரத்துக்கும் மூச்சு வாங்கக் கற்றுக்கொடுத்தார். ஐந்து மாதம். ஒன்பது பாட்டு. எண்பத்தேழு கிறிஸ்துமஸ் பூசைக்கு இரண்டு கையோடு வாசிக்கிறேன் என்று பங்குத்தந்தையிடம் சொல்லிவிட்டார். புதுச் சட்டை தைக்கக் கொடுத்தார். எல்லாம் தயார்.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது.

வருடா வருடம் அந்தக் கூடத்துக்கு ஆயுத பூஜை போடுகிறவன் நான். திருவிழாவுக்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளிப்பார், ஆயுத பூஜைக்கு நான் வந்து பொட்டு வைப்பேன். மாஸ்டர் இரண்டையும் தடுத்ததில்லை. அன்றைக்கு அவர் வைத்தியத்துக்காகச் சேலம் போயிருந்தார். நான் குளித்து, நெற்றியெல்லாம் பட்டையாக, கீபோர்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். மிக்ஸருக்கு வைத்தேன். ஸ்பூல் ரெக்கார்டர், தாளப் பெட்டி, டிவி, கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் வைத்தேன். பிளாப்பி மட்டும் காகித உறையில் கிடந்தது. இவ்வளவு உழைப்பும் இதற்குள்தானே இருக்கிறது, இதை விட்டுவிடலாமா? எடுத்தேன். கறுப்பு அட்டையின் நடுவே நீளவாக்கில் ஒரு திறப்பு, உள்ளே பழுப்பு நிறத்தில் பளபளவென்று ஒரு இடம். பொட்டு வைப்பதற்கென்றே அந்த இடத்தை விட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். உங்கள் மேல் ஆணையாக அப்படித்தான் நினைத்தேன். குழைத்த சந்தனத்தை நன்றாக அழுத்தி வைத்து, மேலே குங்குமம் வைத்து, சூடம் காட்டிக் கும்பிட்டேன்.

மறுநாள் வந்து எல்லாவற்றையும் துடைத்தேன். அதையும் துடைத்தேன், வேட்டி முனையால், எச்சில் தொட்டு.

மாஸ்டர் வந்து அதை உள்ளே போட்டார். ரொட்டிப் பெட்டி கேழ்வரகுத் திரிகை மாதிரி அரைத்தது. பிறகு நின்றுவிட்டது. ஒன்பது பாட்டில் ஒரு சுரம்கூடத் திரும்பி வரவில்லை. பாட்டெல்லாம் பதிந்திருந்தது நான் பொட்டு வைத்த அந்தப் பழுப்பு இடத்தில்தான். அவர் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கதவருகே நின்றேன்.

"வோல்டேஜாத்தான் இருக்கும்" என்றார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமாங்க மாஸ்டர், வோல்டேஜுதான்" என்றேன். அதோடு விட்டேனா? கரண்டு ஆபீசுக்கு இரண்டு பக்கம் புகார் மனுவும் எழுதிக் கொடுத்தேன். 'ஒரு கலைஞனின் கையை ஒடித்துவிட்டீர்கள்' என்று அதில் ஒரு வரி. நன்றாக அமைந்த வரி என்று அப்போது பெருமைப்பட்டேன். இளநிலைப் பொறியாளர் ராஜப்பன் அவர்கள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஐயா, நீங்கள் நேரில் வந்து மாஸ்டரிடம் மன்னிப்புக் கேட்டீர்கள். உங்களுக்கு நான் காப்பி வாங்கிவரப் போய், நீங்கள் கிளம்பும்வரை திரும்பி வரவில்லை. என்னை மன்னிக்க வேண்டும்.

ரொட்டிப் பெட்டி பெங்களூர் போய்ச் சுத்தமாகி, புதுப் பிளாப்பி ஒன்றோடு திரும்ப நான்கு மாதம் ஆயிற்று. கிறிஸ்துமஸ் போய்விட்டது. புதுச் சட்டை மடிப்பு கலையாமல் இருந்தது. "போனது போவட்டும் குப்புராஜு. மறுபடி வாசிச்சாப் போச்சு. வலது கை இருக்குதில்ல?" என்றார். எனக்கா அவர் ஆறுதல் சொல்ல வேண்டும்? அவருக்கு உண்மை தெரியுமா? தெரிந்துதான் அப்படிச் சொன்னாரா? இனி யாரிடம் கேட்பது? சந்தன வாசனை அந்த அட்டையை விட்டுப் போயிருக்குமா, போயிருக்காதா என்பதைப் பத்து மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மறுபடி தொடங்கினார். இந்த முறை ஒன்பது பாட்டுக்கு உடம்பு இடம் கொடுக்கவில்லை. ஒரே ஒரு பாட்டு, செப்டம்பர் எட்டாம் தேதி மாதா திருவிழாவுக்கு. அது முடிந்தது. ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி காலை, அதே அறையில், அதே நாற்காலியில் அவரும் முடிந்தார். திருவிழாவுக்கு இருபத்தெட்டு நாள் இருந்தது.

நான் கெடுக்காமல் இருந்திருந்தால் போன கிறிஸ்துமஸுக்கே வாசித்திருப்பார். இதற்கு நகைச்சுவையாக ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று பார்த்தேன். என்னிடம் இல்லை. எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான், அதுவும் கைவிட்டுவிட்டது. அந்தப் புளி அறையில் இப்போது போய் உட்கார்ந்தால், எல்லாப் பெட்டியும் இருக்கிறது, எல்லா வயரும் சரியான ஓட்டையில் இருக்கிறது. எதற்கு இருக்கிறது என்றுதான் தெரியவில்லை.

இருந்தாலும் இந்தச் சபையின் முன்னால் ஓர் உறுதி சொல்கிறேன். மாதையனும் இசபெல்லாவும் நேற்று அந்தப் புதுப் பிளாப்பியை ஓட்டிப் பார்த்தார்கள். பாட்டு பத்திரமாக இருக்கிறது. செப்டம்பர் எட்டாம் தேதி கம்ப்யூட்டர் உட்பட அந்த அறை முழுவதையும் கோவிலுக்குத் தூக்கிக்கொண்டு வருவோம். இடது கை மாஸ்டருடையது. வலது கை இசபெல்லாவுடையது. ராயம்மாள் அக்கா பாடுவார். நான் எதையும் தொடாமல் தூரத்தில் நிற்பேன். அந்தக் கூடத்தின் பலகையை ஒருநாளும் இறக்க மாட்டோம்.

அந்தப் பாட்டைப் பற்றி இன்று காலை இசபெல்லா எனக்கு ஒன்று சொன்னாள். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். அதில் இடது கைக்கு மொத்தம் மூன்றே கட்டைதானாம். பாட்டு முழுக்கத் திரும்பத் திரும்ப அதே மூன்று. பக்கத்தில் என்னைப் போல ஒருவர் நின்று ஒற்றை விரலால் அமுக்கியிருந்தாலே போதுமாம்.