கால் ஊண்டாமல் வயல் மட்டும்

— ...அப்ப, கால் ஊண்டினால் தோல்வி. சரியோ?

— சரி.

— நுனிக்கால் முட்டினாலும் தோல்விதான்.

— ஓமடியப்பா, ஓம். எத்தினை தரம் சொல்லுறாய். எங்கட வீட்டுப் படலையிலயிருந்து எங்கட வயல் மட்டும், வாய்க்கால் கட்டால, சைக்கிளில வருவன். விழவும் மாட்டன், காலும் ஊண்ட மாட்டன். வந்திட்டனெண்டால் நீயும் உன்ர மோளும் கண் ஒப்பரேசன் எண்டு வாய் திறக்கக் கூடாது.

— எவ்வளவு காலத்துக்கு?

— சிறுபோகம் அறுத்து முடியுமட்டும்.

— பெரும்போகத்துக்கு முதலும் இதைத்தானே சொன்னனீங்கள்.

— அது பெரும்போகம். இது சிறுபோகம்.

— பிறகு திரும்பப் பெரும்போகம் வரும்.

— வரும்தானே. வராமல் விடுமே?

— நாகதம்பிரான் பொங்கல் முடியட்டும்... சித்திரை பிறக்கட்டும்... விதைப்பு முடியட்டும்... கண்ணில பூ விழுந்தவனுக்குப் போகம் பாத்து வைத்தியம் செய்யிற ஆள் இந்த வன்னியிலயே நீங்கள் ஒராள்தான்.

— பூவும் இல்லை, காயும் இல்லை. கொஞ்சம் மங்கல். அவ்வளவுதான். ஏறு சைக்கிளில, வெயில் ஏறப்போகுது.

— நான் முன்னால போறன். நீங்கள் பின்னால வாங்கோ.

— ஏன், நான் முன்னால போனால் என்ன?

— பின்னால மணல் டிப்பர் வந்தால் எனக்குப் பயமாக் கிடக்கும்.

— ...சரி, அப்ப நீ முன்னால போ. எனக்கும் அதுதான் நல்லது.

— உங்களுக்கு என்ன நல்லது?

— உன்ர வடிவைப் பாத்துக்கொண்டு வரலாமல்லோ.

— சீ! பேரன் பள்ளிக்கூடம் போறான். இவற்ர கதையைப் பார்.

— ஆறுதலாப் போ. ஓட்டப்போட்டியே இது?

— ஆறுதலாத்தான் போறன். இஞ்சேருங்கோ... தண்ணி என்ன வடிவாப் போகுது, பாருங்கோ. முந்தநாள்தான் குளம் திறந்தவங்கள், கரை முட்டப் போகுது.

— ம். தெரியுது.

— இந்த மருதமரம் வேர் விட்டுக் கட்டு மேலயே வந்திட்டுது. இடப்பக்கம் முழுக்க வேர். நான் வலப்பக்கத்தாலதான் போறன்.

— போ.

— அதுக்கு அங்கால ஒரு பள்ளம். போன மாரி வெட்டினது, இன்னும் ஒருத்தரும் நிரவேல்லை. எங்கட கமக்காரர் அமைப்புக்கு வாய்தான் நீளம்.

— உனக்கும் குறைவில்லை. ஏறினதிலயிருந்து அலட்டிக்கொண்டு வாறாய்.

— அப்ப நிப்பாட்டட்டே?

— இல்லை இல்லை, அலட்டு. உன்னை ஆர் நிப்பாட்டேலும்.

— மோள் கஜேந்தினியின்ர கலியாணத்துக்கு முதல் நாளும் இந்தக் கட்டாலதான் வந்தனாங்கள், நினைவிருக்கே? வாழைக்குலை உங்கட சைக்கிள் பின்கரியலில. எருமை ஒண்டு குறுக்க வந்து...

— நீதான் விழுந்தனீ. நான் விழேல்லை.

— நான் விழுந்தன், நீங்கள் சிரிச்சியள். இந்தா, மாடு ரெண்டு நடுவில நிக்குது. ஏய்... ஹோய்... போ அங்கால! ஆ, விலத்தீட்டுது. வாங்கோ.

— எனக்குத் தெரியாதே? நான் பெல் அடிக்கத்தான் போனனான்.

— மாட்டுக்குப் பெல் அடிக்கிற கமக்காரன்!

— இளையதம்பி அண்ணை! என்ன, காலங்காத்தால சோடியா வெளிக்கிட்டாச்சு?

— ஆ... லக்ஷனே? எப்பிடித் தம்பி?

— சிவகரன் அண்ணை.

— சிவகரன்தான், சிவகரன்தான். தொப்பி போட்டிருக்கிறபடியால்...

— நான் தொப்பி போடேல்லையே அண்ணை.

— தம்பி சிவகரன், கோவிக்காதை, நாங்கள் நிக்கேலாது. கால் ஊண்டினால் இவர் தோத்துப் போவார்.

— பந்தயமோ? நல்லாக் கிடக்கு! பத்மாக்கா, போன கிழமை கேட்டியளே, அந்த...

— பிறகு கதைப்பம் தம்பி! பின்னேரம் வீட்ட வா, தேத்தண்ணி குடிக்கலாம்!

— ...என்னத்தை அவனிட்டக் கேட்டனீ?

— நடுறதுக்கு மிளகாய்க் கண்டு.

— மிளகாய்க் கண்டு லக்ஷனிட்டையல்லோ.

— லக்ஷனிட்ட முடிஞ்சுதாம். இந்தா, வாய்க்கால் பிரியிற மூண்டு கதவடி வந்திட்டுது. தண்ணி இரையிற இரைச்சலைப் பாருங்கோ.

— கேக்குது. ...தெரியுது.

— இதில வலப்பக்கம் திரும்புறன். என்னோட ஒட்டி வாங்கோ. வலப்பக்கம்... வலப்பக்கம்... கொஞ்சம் ஏற்றம், உழக்குங்கோ...

— இஞ்சேர், எங்கட வயலுக்கு நேரயல்லோ போறது?

— முன்னால பாத்தால் தெரியேல்லையே? நேர ரோட்டை வெட்டிப் போட்டிருக்கிறாங்கள். சுத்தித்தான் போகோணும்.

— ...

— தெரியுதோ, தெரியேல்லையோ?

— தெரியுது, தெரியுது. வெட்டித்தான் போட்டிருக்கிறாங்கள். அறுவாங்கள்.

— ஓம். பெரிய கிடங்கு.

— பெரிய கிடங்குதான். மனுசன் விழுந்தாலும் தெரியாது.

— மெல்லமா. இது மதவு. சில்லு ஒருக்காத் துள்ளும்... அவ்வளவுதான். இனிச் சீரான பாதை.

— வெயில் என்ன முகத்துக்கு நேர அடிக்குது? காலமை வயலுக்குப் போகேக்க எனக்கு முதுகிலயல்லோ அடிக்கிறது.

— சுத்திப் போறமெண்டு சொன்னனான்தானே.

— ம்... சுத்திப் போறம்.

— களைச்சுப் போனியளே?

— நானே? உன்னைத் தூக்கி முன் பாரில வைச்சுக்கொண்டு பரந்தன் மட்டும் உழக்கினவன் நான்.

— அப்ப நான் முப்பத்தெட்டுக் கிலோ.

— இப்ப எத்தினை?

— பந்தயத்தில அது இல்லை. இடப்பக்கம் சாயாதையுங்கோ, அங்க தண்ணி.

— நான் எங்க சாய்ஞ்சனான்? சும்மா சொல்லாதை.

— சரி, சாயேல்லை. இந்த நாணலுக்க ஒரு மீன்கொத்தி இருக்குது. நீலமெண்டால் அப்பிடி ஒரு நீலம்.

— ...எங்க?

— பறந்திட்டுது.

— உது என்ன சத்தம்? பஸ் கோன் அடிக்கிறாங்களே? வயலடியில என்னெண்டு பஸ் கோன் கேக்கும்?

— சோளகக் காத்து இந்த வரியம் முந்தி வந்திட்டுது. கண்டி ரோட்டுச் சத்தமெல்லாம் அள்ளிக்கொண்டு வருது.

— சோளகமோ இது? ஒரு இலை ஆடிற சத்தமில்லை.

— மேல பாருங்கோ, தென்னோலை என்னமா ஆடுது!

— ...ஓம். ஆடுது. நல்லாத்தான் ஆடுது.

— பிறேக்கைப் பிடிச்சு வையுங்கோ. மெல்ல... மெல்ல... நிப்பாட்டுங்கோ. வந்திட்டம்.

— ஊண்டலாமோ?

— இப்ப ஊண்டுங்கோ.

— வெண்டிட்டன்! பாத்தியே! ஒரு இடத்தில நுனிக்கால் முட்டினதே? சொல்லு!

— முட்டேல்லை. பொய் சொல்லக்கூடாது.

— கண் தெரியாதவன் இப்பிடி வருவானே? மோளுக்குப் போன் எடுத்துச் சொல்லு. அப்பா வெண்டிட்டார், ஒப்பரேசன் கதை முடிஞ்சுதெண்டு சொல்லு. அங்க பார், எங்கட வயலை. கரை மட்டும் உழுது போட்டிருக்கிறான் உழவுக்காரப் பெடியன். தண்ணியும் பாய்ஞ்சிட்டுது. கொக்கு வந்து இறங்கீட்டுது, நாலைஞ்சு கொக்கு, வெள்ளை வெளேரெண்டு... பார்!

— ...

— என்ன, சத்தமில்லை? தோத்த கோவமே?

— ...

— பத்மா?

— ...

— இஞ்சேர், பகிடி விடாதை. எங்க நிக்கிறாய்?

— ...

— பத்மா! வாயைத் திறவன்! தண்ணி எந்தப் பக்கமெண்டு... எடியேய், பத்மா!

— இஞ்சதான் நிக்கிறன். கையைத் தாங்கோ. அசையாதையுங்கோ.

— விசரே உனக்கு! ஏன் அப்பிடிச் செய்தனீ?

— வழி முழுக்கக் கதைச்சனான். கொஞ்சம் வாய் ஆறினன். அதுக்கு ஏன் என்ர கையை இப்பிடி இறுக்கிப் பிடிக்கிறியள்?

— விடாதை, பிடி.

— எவ்வளவு காலமா இப்பிடித் தெரியேல்லை?

— மாரிக்குப் பிறகு. ...வெள்ளையாத் தெரியும், கறுப்பாத் தெரியும். மற்றதெல்லாம் புகை. நீ கதைக்கிற பக்கமாச் சைக்கிள் காண்டிலைப் பிடிச்சுக்கொண்டு வந்தனான்.

— தெரியும். அதுக்குத்தானே வேரையும் பள்ளத்தையும் சொல்லிச் சொல்லி வந்தனான்.

— தெரிஞ்சுகொண்டே பந்தயம் பிடிச்சனீ?

— விட்டால் நீங்கள் தனிய வந்திருப்பியள். வாய்க்காலுக்க கிடந்தால் ஆர் எனக்குச் சொல்லிறது?

— எனக்குப் பயமாக் கிடக்கடி. கத்தி வைச்சு, கட்டவிழ்க்கேக்க ஒண்டுமே தெரியாட்டி? இப்ப உன்ர முகம் கிட்ட வந்தால் ஒரு சாடையாத் தெரியுது. அதுவும் போட்டுதெண்டால் நான் என்ன செய்யிறது?

— எனக்கும் பயம்தான். ராவில எத்தினை தரம் எழும்பி இருந்திருப்பன். ஆனால் விட்டால் அந்தச் சாடையும் போகுமெண்டுதானே டொக்டர் சொன்னவர்.

— ...சிறுபோகம் முடியட்டும், பத்மா. இந்த ஒண்டோட சரி. வாக்கெண்டால் வாக்கு. நான் கால் ஊண்டேல்லை, வெண்டிட்டன்.

— வயல் மட்டும் வந்தால்தானே வெற்றி.

— வந்திட்டன்தானே, பிறகென்ன?

— இது எங்கட வயலில்லையப்பா. ஒரு ரோட்டும் வெட்டேல்லை. மூண்டு கதவடியில நான்தான் மற்ற வாய்க்காலுக்குத் திருப்பினனான், இஞ்ச வர எது கிட்டின பாதையெண்டு சிவகரனிட்டைத்தான் கேட்டு வைச்சனான். இது ஆசுப்பத்திரிப் பின்வாசல். நீங்கள் கொக்கெண்டது கொடியில காயப்போட்ட வாட்டு வெள்ளைத் துணி. இண்டைக்குத்தான் ஒப்பரேசனுக்கு உங்களை வாட்டில விடச் சொன்ன நாள், மாத்தி உடுக்கிற உங்கட சாரம் என்ர கரியலில கிடக்கு, கஜேந்தினி நம்பர்த் துண்டெடுத்துக்கொண்டு உள்ளுக்க நிக்கிறாள். சைக்கிளை விடுங்கோ, நான் பூட்டுறன். என்ர தோளைப் பிடியுங்கோ... இதில ஒரு படி... நான் கதைச்சுக்கொண்டே வாறன்.