தம்பியின் கால்

குளுவாங் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும். காய்ச்சல்காரப் பையன் மடியிலேயே தூங்கிவிட்டான். மருந்துப் பையும் கோழிக்கறிப் பையும் அவள் காலடியில் கிடந்தன. கிளினிக் எதிரில் ஓடிவந்து ஏறியவர்கள். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் ஆறு வயது மகள் சொன்னாள்:

"அம்மா, தம்பி கால் சின்னதாயிருச்சு."

"கால் எப்படிச் சின்னதாகும்? சும்மா இரு."

"பாருங்கம்மா, செலிப்பர் ஆடுது."

தாய் பையனின் செருப்பைக் கழற்றித் திருப்பிப் பார்த்தாள். "இது நம்மளோடது இல்லயே! கிளினிக் வாசல்ல அத்தன செலிப்பர் கெடந்துச்சு, யாரு இத எடுத்து மாட்டிவிட்டா?"

"நீங்கதான். பஸ் வந்துருச்சுன்னு கத்திக்கிட்டே மாட்டினீங்க."

"அலமாக்! அதே நீலக் கலரு..."

"அப்ப அந்தப் பையன் எதப் போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போவான்?"

"தம்பியோடது அங்கதான இருக்கும்."

"அது அவனுக்குப் பத்தாதும்மா. வெயில்ல கால் சுடும். அவனுக்கும் காய்ச்சலா இருக்கும்ல."

தாய் பையனின் மற்றச் செருப்பையும் கழற்றினாள். பிறகு கை நீட்டி, இறங்குவதற்கான மணியை அழுத்தினாள்.

"திரும்பி வர பஸ் எப்பம்மா கெடைக்கும்?"

"கெடைக்கிறப்ப கெடைக்கும் லா. கோழிப் பைய எடு."

பையனைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் எழுந்தாள். மகள் பையை எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"அம்மா, நீங்க பாத்ரூம் செலிப்பர் போட்டிருக்கீங்க."

"தெரியும்."

"அதுலயும் ஒண்ணு அப்பாவோடது."

"காலையில வீட்டவிட்டுக் கெளம்புறப்பவே தெரியும். எறங்கு."