மௌரீனின் இரண்டாவது படம்

எங்கள் ஜன்னல்களை நீங்கள் பாராட்டியதில் மகிழ்ச்சி, இன்ஸ்பெக்டர். மனம் கலங்கி வருகிறவர்களுக்கு வெளிச்சம் வேண்டும் என்று நான்தான் பெரிதாக வைக்கச் சொன்னேன்.

1999இல் இந்த மனநல மருத்துவமனைக்குப் பாதிச் சுவர்தான் நின்றது. மூளையைப் படம்பிடிக்கும் இயந்திரம் மட்டும் வந்திறங்கியிருந்தது. மீதிக் கட்டடத்துக்கு உதவ வந்த அறக்கட்டளைக்காரர்கள் ஒன்று கேட்டார்கள்: இல்லாத குரல் ஒருவருக்குக் கேட்கும்போது மூளையில் நடப்பதைப் படமாகக் காட்ட முடியுமா?

எனக்கு மௌரீன் நினைவுக்கு வந்தாள். பொம்மனஹள்ளி கார்மென்ட்ஸில் தையல் வேலை. நான் கொடுத்த மாத்திரைகளால் குரல்கள் அடங்கிச் சில வருடங்களாக நன்றாக இருந்தாள். கல்யாணப் பேச்சுகூட நடந்தது. படம் எடுக்கச் சம்மதித்தாள். ஆனால் குணமாக இருப்பவளிடம் குரலை எப்படிப் பிடிப்பது? மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டால் மறுத்திருப்பாள். அதனால் கேட்கவில்லை. அதே நிறத்தில் வைட்டமின் மாத்திரை கிடைத்தது.

சில வாரங்களில் அவளுடைய அக்கா ஜெசிந்தா போன் செய்தாள்.

"டாக்டர், மௌரீன் சரியா சாப்பிடறதில்ல. மிக்ஸிக்குள்ள யாரோ பேசுறாங்கன்னு சும்னே, காரணமே இல்லாம சிரிக்கிறா. மாத்திரை வேலை செய்யலியா?"

"செய்யும்மா. வேளை தவறாம குடுங்க."

படம் எடுத்தோம். குரல் வரும்போதெல்லாம் மௌரீன் பொத்தானை அழுத்தினாள். பிறகு திரையில் பார்த்தபோது, காதோரப் பகுதி தீப்பற்றியதுபோல் ஒளிர்ந்தது. அவ்வளவு அழகான படத்தை நான் அதுவரை கண்டதில்லை.

"அவங்க என்னை ரோட்டுக்கு வரச் சொல்றாங்க டாக்டர்" என்றாள், வெளியே வந்ததும். அதையும் குறித்துக்கொண்டேன்.

அறக்கட்டளை ஒப்புக்கொண்டது. அன்றே பழைய மாத்திரையைக் கொடுத்திருக்கலாம்தான். ஆனால் ஒரு படம் தற்செயலாகவும் அமையும். இரண்டாவது இருந்தால்தான் உலகம் நம்பும். திங்கட்கிழமை வரச் சொல்லி அனுப்பினேன். ஞாயிறு காலை ஓசூர் ரோட்டில் ஒரு லாரியின் முன்னால் போய் நின்றாள்.

"நான்தானே டாக்டர் என் கையால மாத்திரை குடுத்தேன், எங்கயோ வேளை தவறிட்டேனோ" என்று ஜெசிந்தா அழுதாள். "உங்க மேல தப்பில்லம்மா" என்று தேற்றினேன். அவளுக்கு இங்கேயே வேலையும் போட்டுக் கொடுத்தேன்.

ஆம், மாத்திரையை மாற்றியது நான். குரல் அவளை எங்கே அழைக்கிறது என்று தெரிந்தே வீட்டுக்கு அனுப்பியதும் நான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் திங்கட்கிழமைக்கு எல்லாம் தயாராக இருந்தது.

அவள் ஒரு நாள் பொறுத்திருக்கலாம்.