கொக்குகள் அணிக்கு ஒரு பாயிண்ட் கார்டு

நான் ஆட்டம் பார்க்கும்போது பந்தைப் பார்ப்பதில்லை. கால்களைப் பார்ப்பேன். பந்தைப் பார்க்க அரங்கம் நிறைய ஆட்கள் இருக்கிறார்கள், மேடம். கால்களைப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

சான் தாமியான் கொக்குகள் அணிக்கு ஆட்களைத் தேர்ந்து சொல்வது என் வேலை. நீங்கள் சான் ஹுவானிலிருந்து விசாரிக்க வந்திருக்கிறீர்கள். இந்தத் தீவில் கூடைப்பந்து என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மின்சாரம் போனால், வீட்டுக்கு எப்போது வரும் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். அரங்கத்தில் ஜெனரேட்டர் ஓடுகிறதா என்றுதான் கேட்பார்கள். இந்த வருடம் எல்லா இடத்துக்கும் எங்களிடம் ஆள் இருந்தது. பாயிண்ட் கார்டு இடம் மட்டும்தான் காலி. பந்தை மேலே கொண்டுபோய் மற்ற நாலு பேருக்கும் பரிமாறுகிறவன் அவன். பந்தியில் பரிமாறுகிறவன் சரியில்லை என்றால் எத்தனை சமைத்து என்ன பிரயோஜனம்.

நீங்கள் யமிலைப் பற்றி மட்டும் கேட்கிறீர்கள். ஒருவனைத் தனியாக வைத்துப் பார்ப்பது எங்கள் தொழிலில் தப்பு. அடுத்தவனோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அந்த இடத்துக்கு மூன்று பேர் இருந்தார்கள். மூவரையும் சொல்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராமிரோ எங்கள் பழைய ஆள். மூளை இன்னும் கூர்மை, வலது முழங்கால்தான் போய்விட்டது. எதிர் ஊர்க்காரர்கள் மேளத்தைத் தட்டிக்கொண்டு, "கொக்குன்னு பேரு வச்சீங்க, ஒத்தக் கால்லயே நிக்கிறானேப்பா!" என்று கத்துவார்கள். ராமிரோவும் கூடச் சேர்ந்து சிரிப்பான். சீசன் தொடங்கும்முன் என்னிடம் வந்தான். "எலியூ, எனக்கு வயசாயிடுச்சுன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிடு. நான் பாட்டுக்கு பெஞ்சுல உக்காந்து பசங்களுக்குத் தண்ணி ஊத்திக் குடுக்கறேன்" என்றான். முழு ஆட்டத்துக்கு நீ ஆகமாட்டாய் என்று சொல்லிவிட்டேன். ஆட்டக்காரனிடம் உண்மையை மறைப்பது எனக்குப் பிடிக்காது.

அடுத்தவன் ஹாலோவே, ஒஹாயோக்காரன். மூவரில் சிறந்தவன் அவன்தான், அதில் சந்தேகமில்லை. இடது பக்கம் திரும்பமாட்டான், அது ஒன்றுதான் குறை. ஆனால் எங்கள் லீகில் வெளியாட்களுக்கு அளவு உண்டு. ஹாலோவேயை வைத்துக்கொண்டால் கூடையடியில் நிற்கும் எங்கள் நைஜீரியாக்கார நெட்டையனை ஊருக்கு அனுப்ப வேண்டியிருக்கும். நெட்டையன் போனால் அரையிறுதியைக் கனவில்தான் பார்க்கலாம். ஆகவே பந்தை நடத்துகிறவன் உள்ளூர்க்காரனாக இருந்தாக வேண்டும். இதில் என் சொந்த ஆசை எதுவும் கிடையாது.

மூன்றாவது, யமில் சின்த்ரோன். இருபத்து நாலு வயது. நான் அவனுடைய ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்தின்போது அவன் தலையை ஏந்தியிருந்தது என் கை. அப்பா இல்லாத பிள்ளை. எங்கே என்னைப் பார்த்தாலும், பயிற்சிக்கு நடுவிலும்கூட, "ஆசீர்வாதம், ஞானப்பா" என்பான். "கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும்" என்று நான் சொன்ன பிறகுதான் அடுத்த பேச்சு. எங்கள் வீடுகளில் எல்லோரும் இப்படித்தான், ஆனால் இவன் அளவுக்கு யாரும் இல்லை. "டேய், பாத்ரூம் போறதுக்கும் கேட்டுக்கோடா" என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள். "கேட்டுட்டேன், குடுத்துட்டாரு" என்பான்.

அவன் கையிலிருந்து பந்து கிளம்புவது, வாங்குகிறவனுக்கே வந்து சேர்ந்த பிறகுதான் தெரியும். அவனுடைய குறை நெஞ்சில் இருந்தது.

மார்ச்சில் ஒருநாள் பயிற்சியின்போது குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினான். கயிறு ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது; நான் கால்களைப் பார்க்கிறவன் அல்லவா. கொஞ்சம் ஓடிவிட்டு மறுபடி குனிந்தான். தலை சுற்றுவதை மறைக்கத்தான் குனிகிறான் என்று எனக்குப் புரிந்தது. அடுத்த தடவை குனிந்தவன் எழுந்திருக்கவில்லை. "போதும், எந்திரிடா நடிகா" என்று ராமிரோ அவன் முதுகில் தட்டினான். முகத்தைத் திருப்பிப் பார்த்த பிறகுதான் எல்லோரும் ஓடிவந்தார்கள்.

அவன் அம்மா நிடியா எனக்கு போன் செய்தாள். "அவனுக்கு நீங்கதானே இருக்கீங்க. நீங்களே கூட்டிட்டுப் போயிட்டு வாங்க" என்றாள். கூட்டிப்போனேன். ஆறடி உயரம், டாக்டர் என்றால் குழந்தை மாதிரி நடுங்குவான். சோதனையெல்லாம் முடிந்ததும் உள்ளே வரமாட்டேன் என்று வாசலிலேயே நின்றுவிட்டான். "நீங்க கேட்டுட்டு வந்து சொல்லுங்க, ஞானப்பா. அந்தாளு வாயால கேட்டா எனக்குத் தூக்கமே வராது. நீங்க சொன்னா எதுவா இருந்தாலும் தாங்கிக்குவேன்." டாக்டரிடமும் அப்படியே சொல்லிவிட்டான்.

டாக்டர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "இதயத்தோட சுவர் தடிச்சிருக்கு. இனிமே இவன் பந்தையே தொடக் கூடாது. தொட்டா, ஒருநாள் ஓடிட்டு இருக்கும்போதே நின்னுடும். இது ரத்தத்துல வர்றது. கூடப் பொறந்தவங்க இருந்தா உடனே கூட்டிட்டு வாங்க." நல்ல மனிதர். எங்கள் டாக்டர்கள் எல்லோரையும் போல அவரும் அடுத்த மாதமே ஃப்ளோரிடாவுக்குக் குடிபோய்விட்டார். செய்தி பார்த்துவிட்டு அங்கிருந்து உங்களுக்கு போன் செய்தது அவர்தான் என்று தெரியும். எனக்கு அவர்மேல் வருத்தம் ஒன்றும் இல்லை.

வெளியே வந்தேன். யமில் எதிர்க் கடையில் நண்டு வைத்துப் பொரித்த அல்காபுரியா வாங்கித் தின்றுகொண்டிருந்தான். எனக்கும் ஒன்று காகிதத்தில் சுற்றி வைத்திருந்தான். சூடு ஆறிப்போகாமல் இருக்க அதைச் சட்டைக்குள் பிடித்திருந்தான்.

"என்னவாம்?"

"ஒண்ணுமில்லடா. வெயிலு. நெறையத் தண்ணி குடிக்கச் சொன்னாரு."

என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "செத்தேன்னு நெனச்சேன், ஞானப்பா" என்றான். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வண்டியில் ஏறினோம். எனக்கு அன்றைக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. நிடியாவிடமும் கிளப்பிலும் அதையே சொன்னேன். நான் சொன்னால் சொன்னதுதான். யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

ஏன் மறைத்தாய் என்று கேட்கிறீர்கள். ஒருவனுக்கு முழங்கால், ஒருவனுக்கு இடது பக்கம், ஒருவனுக்கு நெஞ்சு. குறையில்லாத ஆட்டக்காரனை நான் இதுவரை பார்த்ததில்லை. குறை வெளியே தெரியாதபடி ஆடவைப்பதுதான் எங்கள் வேலை. கோச் சந்தியாகோவிடம், "பையன் சின்னவன், அடிக்கடி உக்கார வைங்க" என்றேன். கொஞ்ச நேரம் ஓடுவான், உட்காருவான், கழுத்தில் ஐஸ் வைப்பேன், தண்ணீர் கொடுப்பேன். பெற்ற தாய்கூட அவனை அப்படிக் கவனித்திருக்கமாட்டாள். சீசன் முழுவதும் அவன் ஒரு தடவைகூட விழவில்லை. அதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

உண்மையைச் சொல்லியிருந்தால் அவன் உயிரோடு இருந்திருப்பான் என்கிறீர்கள். இருந்திருப்பான்தான். ஏதாவது ஒரு கடையில் சிமென்ட் மூட்டைக்குக் காவல் இருந்திருப்பான். சந்தையில் அவனைப் பார்த்ததும் மீன்காரி தராசை விட்டுவிட்டு எழுந்து நிற்பாள், தெரியுமா? அதை நான் கொடுத்தேன்.

அரையிறுதியின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் இறுதி, தோற்றால் வீடு. யமிலை நான் வழக்கம்போல உட்காரவைக்கச் சொல்லியிருந்தேன். ராமிரோ பந்தை எதிராளி கையில் கொடுத்தான், மறுபடியும் கொடுத்தான். அரங்கம் முழுக்க "யமில், யமில்" என்று கூப்பாடு. கோச் அவனை இறக்கினார். அதற்கப்புறம் வெளியே எடுக்கவே இல்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை.

ஆட்டம் முடியப்போகும் நேரம். யமில் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினான்.

கோச் என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்ன எலியூ, ஒரு மாதிரி இருக்கான். மாத்திடவா?"

"கயிறு கட்டுறான். விடுங்க" என்றேன்.

இன்னொரு தடவை குனிந்தான். குனிந்தபடியே என் பக்கம் பார்த்தான். உதடு வெளுத்திருந்தது. மேளச் சத்தத்தில் குரல் கேட்கவில்லை, ஆனால் உதடு என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியாதா. நான் கையைத் தூக்கி அவனுக்குச் சிலுவை போட்டேன். எழுந்தான், பந்தைக் கொண்டுபோனான், பார்க்காமலே நெட்டையனுக்குக் கொடுத்தான். நெட்டையன் கூடையில் போட்டான். எல்லோரும் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் யமிலின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை அதற்கு முன்பே நின்றுவிட்டன.

அந்த ஆட்டத்தில் ஜெயித்தோம். அதை யாரும் இப்போது பேசுவதில்லை.

நான்தான் செய்தேன், மேடம். தெரிந்துதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டதுபோல மரத்துக் கிடக்கிறது, கடித்தாலும் தெரியாது. நிடியா அடக்கத்தின்போது என் தோளில்தான் சாய்ந்து அழுதாள். "நீங்க அவனுக்கு அப்பனா இருந்தீங்க" என்றாள். ஆமாம் என்றேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பாதி வாக்குமூலமாகிவிடும். லீகில் இரக்கப்பட்டு இறுதிக்கு ஒரு மாற்று ஆளைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். யமிலின் தம்பி ஜோமார் அடக்கத்துக்காகக் கடல் தாண்டி வடக்கேயிருந்து வந்திருக்கிறான். இருபத்தோரு வயது, அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஆடுகிறான். அண்ணனுடைய எண் போட்ட சட்டையைத் தம்பிதான் போட வேண்டும் என்று ஊரே நிற்கிறது. கல்லறையில் என்னிடம் வந்து, "இனிமே நானும் உங்கள ஞானப்பான்னே கூப்பிடவா?" என்று கேட்டான். ஆசீர்வாதம் கொடுத்தேன்.

நேற்று பயிற்சியில் அவனைப் பார்த்தேன். அண்ணனைவிட வேகம். ஹாலோவே போகாத இடது பக்கமும் போகிறான். ராமிரோவின் மூளை இல்லை, அது வந்துவிடும். நான் ஜோமாரைத்தான் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஆட்டம். கூடப் பிறந்தவர்களைப் பற்றி டாக்டர் சொன்னதை நிடியாவிடம் இன்னும் சொல்லவில்லை. இறுதி முடியட்டும், நானே கூட்டிப்போகிறேன். அதுவரை நீங்களும் கொஞ்சம் பொறுத்தால் நல்லது. பையனுக்கு இப்போது மனக் குழப்பம் கூடாது.

நேற்று ஒரே ஒரு தடவை குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினான். அது அவிழ்ந்திருந்ததா என்று கேட்காதீர்கள். நான் அப்போது பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.